முற்றத்தின் மேலே நீல வயர்

ஜூன் 8, 2003. ஞாயிறு. திருப்பதி.

இன்றைக்கும் லைன் போயிற்று. வஸுமதி மாமி ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அமெரிக்காவில் இருக்கும் அவள் மகன் பார்த்தாவின் முகம் திரையில் கட்டம் கட்டமாகச் சேர்ந்தது. "அம்மா, கேக்கறதா? நான் என்ன சொல்ல வரேன்னா" என்றான். அவ்வளவுதான். வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

மாமி அந்த நின்ற முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவாயில்லை. அடுத்த வாரம் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவளுக்குக் கோபமே வருவதில்லை. மற்ற மெஷின்களில் இருந்தவர்களுக்கு வந்தது. குவைத்தில் இருக்கிற புருஷனோடு பேசிக்கொண்டிருந்த ஒரு பெண், நானே கடலுக்கடியில் போய் வயரைப் பிடுங்கிவிட்டு வந்தமாதிரி என்னை முறைத்தாள்.

மாமியின் வீட்டு முன்பக்கத்து அறைகளைத்தான் கோவர்த்தனன் சார் வாடகைக்கு எடுத்து நெட் சென்டர் வைத்திருக்கிறார். ரவுட்டர் பின்பக்கத்து மாடி அறையில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு நீல வயர் நடு முற்றத்துக்கு மேலாக ஆகாயத்திலேயே நடந்து, எல்லா மெஷினுக்கும் லைனைப் பிரித்துக்கொடுக்கிற முன்பக்கத்து ஸ்விட்சுக்கு வருகிறது. சுவரோடு உள்ளே இழுத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. பெருமாள் ரூமைத் தாண்டி வயர் போகக்கூடாது என்று மாமி அப்போதே சொல்லிவிட்டாளாம்.

போகிறது, வருகிறது, போகிறது. எதனால்? தெரியவில்லை. தெரியாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் போல.

ஜூன் 9

கோவர்த்தனன் சார் சித்தூர் பேச்சை எடுத்தார். "ஆடி போனதும் அங்க பிராஞ்சு ஓபனிங்கு. இன்சார்ஜ் நுவ்வே, நீதான்னு மனசுல வெச்சிக்கினு இருக்கேன்மா. ஆனா ஒரு லைனையே நிக்க வெக்காத பொண்ணுகிட்ட பத்து சிஸ்டத்த எப்படிக் கொடுக்கறது? நீயே சொல்லு சந்தியா."

 தலையை ஆட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. தெலுங்கில் திட்டுவார், தமிழில் சமாதானம் செய்வார். இன்று தமிழிலேயே திட்டியதால்தான் பயம் வந்தது.

எங்கள் வீட்டில் இதுவரை யாரும் ஒரு கடைக்குச் சாவி வைத்திருந்ததில்லை. நைனா வெதுருகுப்பத்தில் அடுத்தவர் நிலத்துக்குக் கூலிக்குப் போனவர். இப்போதுதான் சொந்தமாகக் கொஞ்சம் வேர்க்கடலை போடுகிறார். அம்மா இன்னும் களை பிடுங்கத்தான் போகிறாள். நான் பாலிடெக்னிக் முடித்ததையே ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. சித்தூரில் காலையில் ஒரு ஷட்டரை நான் தூக்குவேன். அந்தச் சத்தம் எனக்கு இப்போதே கேட்கிறது. ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு ஷட்டர் தூக்குகிற பைத்தியம் ஊரிலே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 11

நீல வயரின் இரண்டு முனையிலும் பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டினேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு கம்பிகளை அடுக்கும்போது எனக்கு எப்போதும் தூக்கம் வருகிற மாதிரி ஒரு சுகம். தலைமுடி மாதிரி மெல்லிசுக் கம்பிக்குள் ஒரு அம்மாவின் குரலும் மகனின் குரலும் எதிரெதிரே ஓடுகின்றன. முட்டிக்கொள்வதில்லை. நாம்தான் முட்டிக்கொள்கிறோம்.

டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தன. ஜெயித்துவிட்டேன்.

ஜூன் 12

ஜெயிக்கவில்லை.

ஜூன் 13

ஒன்று கவனித்தேன். நான் முற்றத்துக்குள் போகும்போதெல்லாம் எல்லாம் சரியாக இருக்கிறது. டெஸ்டர் எரிகிறது, ரவுட்டர் பச்சை காட்டுகிறது. நான் வெளியே வந்தபின், மறுநாள் காலையில் போகிறது.

காலையில் உள்ளே போக முடியாது. சென்டருக்கும் முற்றத்துக்கும் நடுவில் ஒரு கதவு. மாமி விடியற்காலையில் குளித்து மடி கட்டிக்கொண்டால் அதைத் தாழ் போட்டுவிடுவாள். தளிகை என்று அவள் சொல்கிற சமையல் முடிந்து, பெருமாளுக்குக் காட்டி, எல்லாம் ஓய்ந்தபிறகு உச்சி வெயிலுக்குத்தான் திறப்பாள். மடியில் இருக்கும்போது யாரும் எதிரே வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மகனோடு பேச, மடியை விட்டு வேறு புடவையில் வரும்போதுகூட நடுக்கதவைத் திறக்காமல் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறாள். ஆக, நோய் இருக்கும்போது வைத்தியர் வெளியே. நோய் போனபிறகு வைத்தியர் உள்ளே. நன்றாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடியும் பார்த்தா. "அம்மா, அந்த வீடு விஷயமா" வரைக்கும் வந்தான். போச்சு.

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற நாளைவிட மோசமாகப் போகிறது. வயருக்கு வாரநாள் தெரியுமா? ஸ்விட்சில் வேறு துளைக்கு மாற்றிப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். மெஷினின் நெட்வொர்க் கார்டை மாற்றினேன். இனி மாற்ற நான்தான் பாக்கி.

ஜூன் 18

இரவெல்லாம் மழை, காலையிலும் தூறல். மலை மேகத்துக்குள் போய்விட்டது, ஊரே கனவில் இருக்கிறமாதிரி இருந்தது. லைன் ஒரு தடவைகூடப் போகவில்லை.

நேற்றும் மேகம்தான். நேற்றும் போகவில்லை.

வெயில். வெயில்தான் காரணம்.

ஜூன் 19

மழையில் நிற்கிற லைன் வெயிலில் போகிறது. எல்லா ஊரிலும் தலைகீழாகத்தான் நடக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் சரியாக வருகிறது. காலை வெயில் வயர்மேல் விழுகிறது, உள்ளே செம்பு விரிகிறது, எங்கேயோ ஒரு இடத்தில் விலகுகிறது. வெயில் நகர்ந்ததும் சுருங்கிச் சேர்ந்துகொள்கிறது. கட்டிலில் படுத்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். செம்பு மூச்சு விடுகிறமாதிரி. இவ்வளவு அழகான காரணம் பொய்யாக இருக்காது.

ஜூன் 21

மதியம் கதவு திறந்ததும் மாடி ஜன்னலிலிருந்து வயர் வெளியே வருகிற இடத்துக்கு ஈரச் சாக்கு கட்டினேன். மாமி கீழே நின்று பார்த்தாள். "என்னடி, வயருக்கு ஜுரமா?" என்று கேட்டாள். முதல்முறையாக என்னை 'டி' போட்டாள். காபி கொடுத்தாள். எனக்கு மட்டும் தனி டம்ளர் என்று வந்த புதிதில் நினைத்துக் கருகினேன். பிறகுதான் பார்த்தேன், கோவர்த்தனன் சாருக்கும் அந்த டம்ளர்தான். அதனால் கருகல் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

சாக்கு அப்படியே இருந்தது. லைன் போயிற்று. மதியம் கதவு திறந்ததும் கோவர்த்தனன் சார் மாடிப்பக்கம் பார்த்து, "ஏந்தி இது, வயருக்கு கோணிப்பை மாட்டி வெச்சிருக்கே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "வரதய்யபாளையம் பையன் கிரண்குமார் கேட்டுக்கினு இருக்கான். அவனைக் கூப்பிட்டா வந்துடுவான். நான் சொல்றது அர்த்தம் ஆச்சா?"

ஆச்சு.

ஜூன் 27

சாருடன் சித்தூர் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் அவர் மனசு முழுக்க மாறவில்லை போலிருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம். சந்திரகிரிக் கோட்டை வந்து போனது. அரண்மனை அவ்வளவு பெரிதாக நிற்கிறது, உள்ளே யாரும் இல்லை. ஒரு ராஜா தூதனை அனுப்பினால் அவன் போய்ச் சேர்ந்தானா இல்லையா என்று எத்தனை நாள் காத்திருப்பான் என்று யோசித்தேன். மாமி ஒரு வாரம் காத்திருக்கிறாள். அவள் முகத்தில் காத்திருப்பு இல்லை என்பதும் அப்போதுதான் தோன்றியது. தோன்றி, பஸ் குலுக்கலில் போய்விட்டது.

கொங்காரெட்டிப்பள்ளியில் கடை. வெறும் அறை, சுண்ணாம்பு வாசனை, ஒரே ஒரு பல்பு. சார் போன் பேச வெளியே போனதும் நான் மூலையில் போய் நின்று இங்கே ஸ்விட்ச், இங்கே என் மேசை, வயரெல்லாம் சுவரோடு குழாய்க்குள் என்று கையால் காற்றில் இழுத்துப் பார்த்தேன். சார் உள்ளே வந்து, "யாருக்கு டாட்டா காட்டறே?" என்றார்.

சாயங்காலம் நைனா போன் செய்தார். "துன்னியாம்மே? வேல எப்டி போய்க்கினு கீது?"

"நல்லா போய்க்கினு கீது நைனா."

"சித்தூர்னா இங்கேர்ந்து பக்கம்தானே. உங்கம்மா இப்பவே தெருவெல்லாம் சொல்லிக்கினு திரியறா."

போனை வைத்தபிறகு அழுகை வந்தது. அம்மா ஏன் இப்படிச் செய்கிறாள்.

ஜூலை 2

ஒன்றுமில்லை. போயிற்று. வந்தது.

ஜூலை 6, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது.

போகும்போது பார்க்க வேண்டும். உள்ளே விடமாட்டார்கள். அப்படியென்றால் மேலேயிருந்து பார்க்கலாமே என்று இவ்வளவு நாள் தோன்றவில்லை. காலையில் லைன் போனதும் பக்கத்து வீட்டு ருக்மணி அக்காவிடம் கேட்டு அவர்கள் மொட்டைமாடிக்கு ஏறினேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

நீல வயரைக் காணோம். அது இருந்த இடத்தில் இரண்டு ஒன்பது கஜப் புடவைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நனைந்து, கனத்து, சொட்டிக்கொண்டு. வெயில் அவற்றுக்குள் புகுந்து முற்றத்துத் தரை முழுக்கப் பழுப்பு நிறம் அசைந்தது. அவ்வளவு அமைதி. நான் எதற்காக ஏறினேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

மடிப்புடவை. மாமி நாளைக்குக் கட்டிக்கொள்ள இன்றைக்கே நனைத்து உலர்த்துகிறாள். காய்கிறவரைக்கும் அதை யாரும் தொடக்கூடாது, யார் மூச்சும் படக்கூடாது. வழக்கமான மூங்கில் கழி பாத்ரூம் போகிற வழியில் இருக்கிறது. சென்டருக்கு வருகிறவர்கள் மதியத்தில் உரசிக்கொண்டு போகிற இடம். ஆனால் யார் கையும் எட்டாத உயரத்தில், யாரும் தொடாத சுத்தமான ஒரு கயிறை நாங்களே கட்டிக்கொடுத்திருக்கிறோம். கோலால் தூக்கி அதன்மேல் போட்டுவிடுகிறாள். கதவு திறப்பதற்குள் காய்ந்துவிடும், எடுத்துவிடுவாள். மழைநாளில் உள்ளே போடுகிறாள். அதுதான் என் வெயில்.

மாடி ஜன்னல் கம்பியில் வயர் மடிகிற இடத்தில் உறைக்குள் செம்பு ஒடிந்திருக்க வேண்டும். ஈரத்துணியின் கனத்தில் வயர் தொய்ந்து காற்றில் ஆடும்போதெல்லாம் விலகும், சேரும். துணி காயக் காய நிமிர்ந்து ஒட்டிக்கொள்ளும். சாக்கு கட்டினேனே, அதே இடம். அதே இடத்தில் சாக்கு கட்டினேன்.

செம்பு மூச்சு விடுகிறதாம். தூ.

ஜூலை 7

உடனே கோவர்த்தனன் சாரிடம் ஓடியிருக்கலாம். முதலில் மாமியிடம் சொல்லலாம் என்று தோன்றியது. சந்து வழியாகப் போய்ப் பின்கதவருகில் நின்று கூப்பிட்டேன். மடியில் இருந்தாள். "தள்ளி நின்னு சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் பின்கதவை முழுக்கத் திறந்து, "வந்து பாரு" என்றாள்.

அந்த வேளையில் அந்த முற்றத்தில் நான் நின்றது அதுவே முதல்முறை. ஒரு புடவை தொங்கியது. வயரைப் பார்க்கும் ஆவலில் துணியை விலக்கக் கையைத் தூக்கிவிட்டேன்.

"தொடாதே."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் என் கை சூடுபட்டமாதிரி இறங்கியது. மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "பார்த்தாவா இருந்தாலும் இதேதான் சொல்லுவேன். அவன் பொண்டாட்டியா இருந்தாலும்" என்றாள். உண்மையாகவும் இருக்கலாம். எனக்குக் கோபம் வந்ததும் உண்மை. ஊரில் எத்தனை வாசலில் நைனா இந்த வார்த்தையைக் கேட்டிருப்பார். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"இதனாலதான் லைன் போவுது மாமி. இந்தத் துணியால."

"தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் துளசி மாடத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள். "முதல்ல தெரியாது. ஒரு ஞாயித்துக்கிழமை மழை. துணி உள்ளே போட்டிருந்தேன். அன்னிக்கு அவன் நிறுத்தாம பேசினான். வீட்டை வித்துடலாம்மா, நீ ஒண்டியா அங்க என்ன பண்றே, இங்க வந்துடுன்னான். யோசிச்சுச் சொல்றேன்னு எழுந்து வந்துட்டேன். அடுத்த வாரம் வெயில். அம்மா, அந்த வீடுன்னு ஆரம்பிச்சான், போயிடுத்து. அப்புறம் ரெண்டு மூணு வாரம் பார்த்தேன். எனக்கும் கணக்குத் தெரியும்டி."

"அதான் ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு புடவையா?"

மாமி சொம்பைத் துளசி மாடத்தில் கவிழ்த்து வைத்தாள். அவள் வீட்டுக்காரர் சம்பத்குமார் கோவிலில் கைங்கரியம் செய்தவர். அவர் இருந்தபோது இருந்த வீடு இது. ஒரே பிள்ளையிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் புடவையைச் சொல்ல விட்டிருக்கிறாள்.

"உனக்கு இதுல என்ன?" என்று கேட்டாள். சித்தூரைப் பற்றிச் சொன்னேன். ஷட்டரைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன், எதற்கென்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "போ, அடுப்புல பால் இருக்கு" என்றாள்.

ஜூலை 8

என்ன செய்வது? சாரிடம் சொன்னால் அவர் மாமியிடம் சத்தம் போடுவார். சொல்லாவிட்டால் கிரண்குமார் வருவான். சொல்லாமலே வயரை மாற்றிவிட்டால் மாமி எங்கே ஒளிந்துகொள்வாள்?

அவள் ஒளிந்துகொண்டதற்கு நான் எவ்வளவு திட்டு வாங்கினேன். கோபப்படலாம் என்று பார்த்தால் கோபம் வருவேனா என்கிறது.

ஜூலை 9

மாமியே மதியம் சென்டருக்கு வந்தாள். "மாத்திக்கோ. எத்தனை நாள் அவனுக்குத் துணியைக் காட்டிண்டிருக்கறது. நானே சொல்லிடறேன்" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி, "அந்தப் பழைய வயரை மட்டும் எடுக்காதே. நன்னா இருக்கு, துணி போட" என்றாள்.

சாரிடம் வயர் ஜன்னலில் ஒடிந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை.

ஜூலை 12

புது வயர். பக்கத்துச் சந்துச் சுவரோடு குழாய்க்குள் இழுத்தேன். பெருமாள் ரூமுக்கும் சம்பந்தம் இல்லை, ஆகாயத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஏணியில் நின்று ஆணி அடிக்கும்போது தெருவே நின்று பார்த்தது. பார்க்கட்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் வருகிற சின்ன வயர்களின் பிளக்கையும் புதிதாக்கினேன். இழுத்தால் வராது. தண்ணீர் மாதிரி ஓடுகிறது.

கோவர்த்தனன் சார் வெகுநேரம் ஸ்விட்சின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்போம். அடுத்த ஞாயிறு தாண்டட்டும். ஒரு தடவை போனாலும் சித்தூர் இல்ல, ஆமா" என்றார். ஆனால் குரலில் சித்தூர் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

பார்த்தா வரவில்லை. எங்கேயோ வெளியூராம். லைன் நாள் முழுக்க நின்றது. மாமி சும்மா வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

ஜூலை 17

ஆடி பிறந்தது. லைன் நிற்கிறது. கனவில் சித்தூர்க் கடைக்குள் மழை பெய்தது, ஆனால் எதுவும் நனையவில்லை. எல்லா மெஷினிலும் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தபிறகும் வெகுநேரம் அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது.

கோவர்த்தனன் சார் காலையிலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பரீட்சை அதிகாரி மாதிரி. மாமி சந்து வழியாக வந்தாள், ஓரத்து மெஷினில் உட்கார்ந்தாள். நான் ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவள் விரல் சில்லென்று இருந்தது.

பார்த்தா தெளிவாக வந்தான். ஒரு கட்டம்கூட உடையவில்லை. அவன் கண்ணுக்குக் கீழே கருப்பு இருப்பது, பின்னால் ஒரு விளக்கு, அந்த விளக்குக்குப் பக்கத்தில் சம்பத்குமார் மாமாவின் போட்டோ, எல்லாம் தெரிந்தது. இவ்வளவு தெளிவாக அவனை யாரும் இதுவரை பார்த்ததில்லை. அவன் பேசினான். என்ன பேசினான் என்பது எனக்குக் கேட்காது. மாமி பேசியதுதான் கேட்டது.

"கேக்கறதுடா. நன்னா கேக்கறது."

"இல்லை, லைன் இனிமே போகாது. நீ சொல்லு."

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். தலை மட்டும் ஆடியது. கடைசியில், "நான் வரலைடா பார்த்தா. வீட்டையும் விக்கலை. இங்கேயே இருந்துடறேன். உங்க அகத்துக்கு வந்து நான் என்ன பண்ணுவேன், ஜன்னலைப் பார்த்துண்டு? கோச்சுக்காதே" என்றாள். அழவில்லை. கடைசி வார்த்தையை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

 அவன் கேமராவைப் பார்க்காமல் கீழே எதையோ பார்த்தான். கை முன்னால் வந்தது. படம் போயிற்று.

மாமி காத்திருந்தாள். திரை கருப்பாகவே இருந்தது. ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "லைன் போயிடுத்தா சந்தியா?"

ஸ்விட்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பச்சை. வரிசையாகப் பச்சை. குவைத்துக்காரப் பெண் அந்தப் பக்கம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு நாளுக்காகத்தான் ஏணி ஏறினேன், ஆணி அடித்தேன். அவன் வைத்துவிட்டான். அம்மாவைப் பாதியில் வைத்துவிட்டான்.

"ஆமா மாமி. போயிடுச்சு" என்றேன்.

நாற்காலி தேய்கிற சத்தம் கேட்டது. "மள்ளீ போச்சா, மறுபடியுமா?" என்று சார் எழுந்தார். "மத்ததெல்லாம் ஓடுதே?"

"இந்த சிஸ்டத்துக்கு வர்ற வயர் மட்டும் சார். லூசு." சொல்லிக்கொண்டே மேசைக்கடியில் புகுந்தேன். நான் மாட்டிய பிளக், அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் நாக்கை அமுக்கி நானே பிடுங்கினேன். அவர் குனிந்து பார்த்தபோது அது என் கையில் இருந்தது.

"அதானே" என்றாள் மாமி. "அவன் அப்படி வெக்கமாட்டான்."

ஜூலை 21

பைத்தியம் புடிச்சிருக்கு எனக்கு. யார் கேட்டாங்க? அந்தம்மா எனக்கு என்னா வேணும்? துணியத் தொடாதேன்னு சொன்ன அம்மா. எங்கம்மா தெருவெல்லாம் சொல்லிக்கினு திரியுது. இப்ப போன் பண்ணி என்னான்னு சொல்றது?

ஜூலை 22

சார் கூப்பிட்டார். திட்டவே இல்லை. "நீ நல்ல பொண்ணும்மா. இங்கேயே இரு. சித்தூருக்கு கிரண்குமார் போறான்" என்றார். சரி சார் என்றேன். வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். மலை எப்போதும்போல இருந்தது. கொஞ்சம் ஊசலாடுகிறமாதிரியும் இருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றதால்.

ஜூலை 23

நைனாவிடம் சொன்னேன்.  போன் போய்விட்டதோ என்று நினைத்தேன். "ஏம்மே, அவ்ளோ கஷ்டமா அந்த வேல?" என்று கேட்டார்.

"கஷ்டம் இல்ல நைனா. நான்தான் விட்டுட்டேன்."

"சரி. வேர்க்கட்ல வெட்ற நேரத்துக்கு வா" என்றார். ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஜூலை 27, ஞாயிறு

பார்த்தா வரவில்லை. மாமி வந்து உட்கார்ந்திருந்தாள். "அங்க ஏதாவது லைன் கோளாறா இருக்கும்" என்றாள் என்னிடம். இருக்கும் மாமி என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வரவில்லை. மாமி உட்காரவில்லை, எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாமியும் வரவில்லை. அவன் வந்தால் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று அந்த மெஷினை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். மூன்று பேர் திட்டிவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 16

ஆடி நாளையோடு முடிகிறது. சித்தூரில் நாளை மறுநாள் திறப்பு. சார் இன்றே போய்விட்டார். கிரண்குமார் சாமான் ஏற்றிக்கொண்டு போகும்போது என்னிடம் வந்து, வயரெல்லாம் எந்தப் பக்கம் போடலாம் என்று கேட்டான். சுவரோடு குழாய்க்குள் போடு என்று சொன்னேன். நல்ல பையன். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் மெஷினில் மணி அடித்தது. பார்த்தா. சந்து வழியாக ஓடிப்போய்க் கூப்பிட்டேன். மாமி மடிப்புடவையை மாற்றாமல், ஈரக்கையைத் துடைக்காமலே வந்தாள். ஹெட்போன் மாட்டினால் காது வலிக்கிறது என்றாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். அதனால் இன்று அவன் பேசியதும் கேட்டது.

மாமி நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"அன்னிக்கு லைன் போயிடுத்தும்மா" என்றான்.

நான் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமி என்ன சொல்லப்போகிறாளோ. அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஈரக்கையால் என் தாவணி நுனியை மட்டும் பிடித்துக்கொண்டாள். மடியில் இருந்தாள்.

"ஆமாண்டா, இங்கயும் போயிடுத்து" என்றாள். "சந்தியா சரி பண்ணிட்டா."